அந்த ஹீரோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

ஐந்து ஸ்டாரை இதுவரை எவருக்கும் கொடுக்காத உன் அம்மா, பட்டு வேட்டியைப் பீரோவில் வைத்துவிட்டு நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்கிற உனக்கு எழுதுவது.

மாதம் பிறந்தால் நான் படித்த நாவல்களைப் பற்றி இந்த வாசகிகள் பக்கத்தில் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். எது தேறும், எது தேறாது, எந்த ஹீரோவை நம்பிக் கட்டிக்கொள்ளலாம், எவனைக் கண்டால் வந்த வழியே ஓடிவிட வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன். படிக்கிறவர்களில் சிலர் திட்டுவார்கள், சிலர் சிவப்பு இதயம் போடுவார்கள். இந்த மாத விமர்சனத்தை உனக்கு எழுதுகிற கடிதமாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று சொன்னபோது, "எழுதிக்கோம்மா, உன்ன யாரால தடுக்க முடியும்? என் பேர மட்டும் போட்றாத" என்றாய். போடவில்லை. கடிதம் முழுக்க வெறும் நீதான். புதுவாயல் கூட்ரோட்டில் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும், அதற்கு நான் பொறுப்பில்லை. வருகிற வாரம் உனக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணம் நின்றுபோக இருந்ததும் ஒரு நாவலால்தான், நடக்கப் போவதும் அதே நாவலால்தான். நாவல் படிப்பதை வெட்டி வேலை என்று சொன்ன பிள்ளையை ஊரறிய ஒருமுறை பார்த்துச் சிரித்துக்கொள்ள ஒரு தாய்க்கு உரிமை இருக்கிறது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை; என் பிள்ளைக்கும் அதே சிப்காட்டில்தான், வேறு கம்பெனி. கம்பெனி பஸ் நேரே போனால் ஒரு அத்தியாயம்கூடத் தேறாது. நல்லவேளை, அது ஊர் ஊராகப் புகுந்து ஆள் ஏற்றிக்கொண்டுதான் போகும். என் பக்கத்து சீட் மேரிக்கு ஓடுகிற வண்டியில் எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் நான் படித்ததை அவளுக்குக் கதையாகச் சொல்வேன். "யக்கா, நேத்து அந்தப் பாவி இன்னா பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டேதான் பஸ் ஏறுவாள். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் நைனா, ஒரு பக்கம் படித்தவரில்லை. பேப்பரில் அவர் பார்ப்பது மழை வருமா வராதா என்பதை மட்டும்தான். ஆனால் படுக்கப் போகும்முன் என் போனைச் சார்ஜில் போடுகிறவர் அவர்தான். காலையில் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைக்கிறவரும் அவர்தான். கரண்ட் போன ஒரு நாளில் பக்கத்துத் தெருவில் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தார். "இல்லாங்காட்டி வழி முச்சூடும் பேஜாரு பண்ணிக்கினு போவா" என்று எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார். காதல் கதை படிக்காத மனிதர் செய்கிற வேலையா இது? எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சமீபத்தில் படித்தவற்றில் பாதிக்குப் பாதி முதலாளி ஹீரோக்கள். மே மாத வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிவார்கள், வேலை என்று ஒன்று செய்து நான் படித்ததில்லை. ஒரு கதையில் ஹீரோயின் மெஷின் பக்கத்தில் கால் தடுக்கி விழப்போகிறாள். அவன் இடுப்பில் கை கொடுத்துப் பிடிக்கிறான். பிறகு ஒரு பக்கம் முழுக்க இரண்டு பேரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எங்கள் லைனில் ஒருத்தி அப்படி விழுந்தால் முதலில் ஓடி வருவது சேஃப்டி ஆபீசர்தான். ஷூ எங்கே, செருப்பு ஏன் என்று திட்டி முடித்துவிட்டுத்தான் தூக்கி விடுவார். இதைச் சொன்னதும் மேரி சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அந்தக் கதையை நான் கடைசிவரை படித்தேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ரசம் எப்படி வைக்கணும்?" என்று கேட்டான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிற ஆண்பிள்ளை கதையில் வருவதே அபூர்வம். அந்த ஒரு ரசத்துக்காக மூன்று ஸ்டார் கொடுத்தேன்.

மாமியார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எனக்கே அந்தப் பதவி வரப்போகிறதே. நாவல் மாமியார் என்றால் அகலப் பொட்டு, வீட்டுக்குள்ளேயே பட்டுப்புடவை, கதவு இடுக்கில் ஒரு காது. மருமகளை எப்படிக் கவிழ்க்கலாம் என்பதே அவளுக்குத் தொழில். ஷிப்ட் முடிந்து வந்து, துணி மடித்து, சோறு வடித்து, அதற்கு மேல் சதி செய்ய ஒரு மனுஷிக்கு உடம்பில் தெம்பு இருக்குமா? எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஒரே ஒரு கதையில் மட்டும், மருமகள் வேலையிலிருந்து தாமதமாக வந்த நாளில், மாமியார் ஒரு கேள்வியும் கேட்காமல் வெந்நீர் போட்டு வைத்தாள். நான் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அதற்கு நான்கு ஸ்டார் போட்டேன். ஐந்தாவது ஏன் இல்லை என்று எழுதியவரே வந்து கேட்டார். "அது இருக்கட்டும்மா, எதுக்காவது வேணும்" என்று பதில் போட்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

காதல் கதை மட்டும்தான் படிப்பேன் என்று நினைக்காதே. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், பெரியவர்கள் பாராட்டுகிற கனமான நாவல் ஒன்றும் வாங்கினேன். அதில் யாரும் யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் புத்தகம் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். நடுவில் மழை வேறு, நிற்கவே நிற்காது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தபோது ஒரு இடம் வந்தது. இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டு, பேச்சில்லாமல் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கிறார்கள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தன் நிழல் அவள் மேல் விழுகிற மாதிரி நின்றுகொள்கிறான். அவள் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் பூ விற்கிறவள்தான் பார்க்கிறாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் நைனா போன் சார்ஜ் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா அப்டிப் பாக்குற?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். போனில் தொடராக வந்த அந்த மாட்டு டாக்டர் கதை. ஹீரோ கால்நடை மருத்துவர். ஹீரோயின் ஈரோட்டில் பத்துப் பெண்களை வைத்துத் தையல் கடை நடத்துகிறாள். அவனுக்கு மலை மேல் ஒரு ஊருக்கு மாற்றல் வருகிறது. இவள் கடையை விட்டுவிட்டு வரமாட்டாள், கேட்டால் பாவம் மனசு கஷ்டப்படுவாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறான். அவளுடைய நல்லதுக்காகவாம்! அதற்கப்புறம் வாரா வாரம் அழுகை. அவன் மலையில் அழுகிறான், அவள் மெஷினில் அழுகிறாள், தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறவர்கள் அழுகிறார்கள். எனக்கு மட்டும் கோபம். ஒவ்வொரு வாரமும் கதைக்குக் கீழே கமெண்ட்டில் போய், 'இந்த ஹீரோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று எழுதிவிட்டு வருவேன். என்னைத் திட்டி எழுதாத ஆள் இல்லை. தியாகத்தின் அருமை உங்களுக்குத் தெரியாது அக்கா என்று ஒருத்தி எழுதினாள். எனக்கா தெரியாது? கேட்காமல் செய்கிற தியாகம் பாதிக்கு மேல் பயம்தான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கேட்டால் வேறு மாதிரி பதில் வந்துவிடுமோ என்ற பயம். அந்தக் கதையின் கடைசிப் பகுதி வெளியான மறுநாள்தான் நாம் செவ்வாப்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம்.

அன்றைக்கு நடந்ததை நீ உன் சிநேகிதர்களிடம் சொன்ன விதம் வேறு, நான் பார்த்தது வேறு. நீ, நான், உங்கள் நைனா, அவருடைய அக்கா சரோஜா, நான்கு பேரும் வேன் வைத்துக்கொண்டு போனோம். பெண்ணின் அப்பா திருவள்ளூர் கோர்ட்டில் வேலை பார்க்கிறவர், எதைச் சொன்னாலும் தீர்ப்பு படிக்கிற மாதிரியே சொல்வார். பெண் கௌசல்யா திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில், கிட்னி போனவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை பார்க்கிறாள் என்று தரகர் சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டை எங்கள் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டே, "கல்யாணம் ஆச்சின்னா வேலைய வுட்ருவா. புதுவாயல்ல இருந்து தெனம் திருவள்ளூர் போய் வரதுலாம் ஆவாது. அத பத்தி நீங்க கவலையே படாதீங்க" என்றார். உங்கள் நைனா, "அதுலாம் உங்க இஷ்டம் சம்பந்தி" என்றார். நீ தலையை ஆட்டினாய். வாயில் வாழைக்காய் பஜ்ஜி. நான் பார்த்தேன்.

அப்போது கௌசல்யா காபித் தட்டோடு வந்தாள். இரண்டு கண்ணும் வீங்கிச் சிவந்து, மூக்கு நுனி குங்குமமாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் படித்த அத்தனை நாவலிலும் பெண் பார்க்கிற அன்றைக்குக் கண் வீங்கி வருகிற பெண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். மனசில் வேறொருத்தன் இருக்கிறான், வீட்டில் அடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் கிணறு, இல்லாவிட்டால் ரயில். அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி ஊதிக்கொண்டு போனது. அவ்வளவுதான், நான் எழுந்து நின்றுவிட்டேன். "இந்தப் பொண்ணுக்கு இஷ்டம் இல்லாங்காட்டி எனக்கு இந்தச் சம்பந்தமே வேணாம். யாரும் அத கட்டாயப்படுத்தக் கூடாது!" என்றேன். நீ என் காலை மிதித்தாய். சரோஜா, "அடிப்பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

கௌசல்யாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பதறிப்போய், "ஐயோ ஆன்ட்டி, அப்டிலாம் ஒண்ணுமில்ல. ராத்திரி ஒரு கத படிச்சி அழுதுக்கினு இருந்தேன்" என்றாள்.

"கதையா? இன்னா கத?"

"போன்ல வரும் ஆன்ட்டி. மாட்டு டாக்டர் கத."

நான் அப்படியே பூரித்துப் போய்விட்டேன். பெண் பார்க்க வந்த இடம் என்பதே மறந்துபோனது. "கடைசி பார்ட்டா? அவ கடைய மூடிட்டு மலைக்குப் போய் அவன் கைய புடிச்சிக்கிறாளே, அதுக்கா அழுத?" என்றேன். அந்தப் பெண்ணுக்கு மூக்கு இன்னும் சிவந்தது. காபித் தட்டைக் கீழே வைத்தாள். "கைய புடிச்சதுக்கு அழல ஆன்ட்டி, கோவத்துல அழுதேன். அவ ஏன் கடைய மூடணும்? பத்துப் பொம்பளைங்க பொழப்பு அது. அவன் ஈரோட்டுக்கு வந்தா இன்னா? மாடு எல்லா ஊர்லயுந்தான கீது?" என்றாள்.

அடடா! இத்தனை வாரமாக எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன், ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. நான் அவன் கேட்டிருக்கலாம் என்றுதான் சொன்னேன். இவள் ஒரு படி மேலே போய், அவன் வந்திருக்கலாம் என்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "சரி, உன்ன கேக்குறேன். உன் வேலைய வுட்றதுக்கு உனக்கு இஷ்டமா?" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுவரைக்கும் யாரும் என்ன கேக்கல ஆன்ட்டி. எனக்கு உங்க பையன புடிச்சிருக்கு. வேலையவும் புடிச்சிருக்கு. என் கையால ஊசி போட்டாத்தான் வலிக்கலன்னு காத்துக்கினு இருக்கிற பேஷன்ட்டுலாம் கீறாங்க. நான் வுட மாட்டேன்." அவளுடைய அப்பா, "கௌசல்யா!" என்று ஒரு அதட்டல் போட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு, தட்டு மாற்றாமல், பூ வைக்காமல் எழுந்து வந்தோம்.

வேனில் நீ என்னைப் பேசிய பேச்சை நான் மறக்க மாட்டேன். மறக்காததற்குக் காரணம் கோபமில்லை, அதில் தெரிந்த ஆசைதான். "நாவல் படிச்சிப் படிச்சி உனக்கு மூள கொழம்பிப் போச்சும்மா. எனக்கு அந்தப் பொண்ண புடிச்சிருந்திச்சு. என் கல்யாணத்த நீயே நிறுத்திட்ட" என்றாய். சரோஜா சும்மா இருப்பாளா? "பொண்ணு வேலைய வுடாதாம். அப்ப இன்னா, நம்ம புள்ள போய் ஊட்டோட மாப்ளயா குந்திக்குவானா?" என்றாள். பெரியபாளையம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது, அவளைப் போலப் பெண் மறுபடி கிடைக்க மாட்டாள், அவள் கையை விட்டுப் போய்விட்டால் நீ ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டாய் என்று அடித்துக்கொண்டது மனசு.

அதற்கப்புறம் ஒரு வாரம் நீ என்னிடம் பேசவில்லை. நாஷ்டாவைத் தட்டில் வைத்தால் சாப்பிட்டாய், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பஸ்ஸில் மேரி, "யக்கா, நம்ம ஹீரோ இன்னா சொல்றான்?" என்று கேட்பாள். "எபிசோடு நகரவே இல்ல மேரி" என்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் கறி கழுவிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். போனை நோண்டினாய். பிறகு, "ம்மா, அந்த மாட்டு டாக்டர் ஒரு லூசும்மா" என்றாய்.

கறியும் கையுமாகத் திரும்பினேன். "நீ எங்கடா அத படிச்ச?"

"கௌசல்யாவுக்கு போன் பண்ணேன். மொதல்ல அத படி, அப்புறம் பேசலாம்னு வச்சிட்டா. கம்பெனி பஸ்ல படிச்சேன்." பாடப்புத்தகம் தவிர ஒரு எழுத்து படிக்காத நீ! அதோடு நிறுத்தினாயா? "அவ இன்னா நெனைக்கிறான்னு இவனா எப்டிம்மா முடிவு பண்ணுவான்? வாய தொறந்து ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சிது மேட்டரு. கேக்காமயே தலய தலய ஆட்டிக்கினு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டாய். நான் கறியைக் கழுவிக்கொண்டே இருந்தேன். உனக்கு அந்த வாழைக்காய் பஜ்ஜி ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு, "நானும் தலையத்தாம்மா ஆட்டினேன்" என்றாய். "அதான்டா" என்றேன். சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன், உங்கள் நைனா பேசாமல் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் செவ்வாப்பேட்டை. சரோஜா வேடிக்கை பார்க்கவே வந்தாள். கௌசல்யாவின் அப்பா இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார், மறுப்புச் சொல்லத் தயாராக இருந்தார் என்றே எனக்குப் பட்டது. இந்த முறை நீ பஜ்ஜியைத் தொடவில்லை. நீ யாரையும் பார்க்காமல் கௌசல்யாவை மட்டும் பார்த்து, "நீங்க வேலைய வுட வேணாம். நானே இங்க வந்துட்றேன். எங்க கம்பெனி பஸ்ஸு ஆவடி வரைக்கும் வருது, ட்ரான்ஸ்போர்ட்ல போய் விசாரிச்சிட்டேன். காலைல ட்ரெய்ன் புடிச்சி ஆவடில எறங்கி பஸ் ஏறிக்கிறேன். உங்களுக்குச் சரியா?" என்றாய். அந்தக் கடைசி 'சரியா'வை நான் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். சரோஜா விடவில்லை. "அப்ப ஊட்டோட மாப்ளயேதானா?" என்றாள். நீ அவளைப் பார்த்து, "ஊட்டோட இல்ல அத்த, பக்கத்துத் தெருவுல. வாடக ஊடு பாத்துக்கினு கீறேன். நீயும் வா, மாடியில எடம் கீது" என்றாய். கௌசல்யா குனிந்துகொண்டு சிரித்தாள், "சரி" என்றாள். எல்லோரும் அவளுடைய அப்பாவைப் பார்த்தோம். பிறகு தீர்ப்பு வந்தது. "காலைல மொத வண்டில ஏறுங்க மாப்ள. அதுலதான் உக்கார எடம் கெடைக்கும்."

மாப்பிள்ளை என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகு தட்டு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நான் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டபோது, என் ஒரே பிள்ளை வீட்டை விட்டுப் போகப்போகிறான் என்று தெரிந்து கேட்கவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். கேட்டிருப்பேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நீ போட்டு வைக்கிற ஈரத் துண்டுக்குத் திட்ட ஆள் இல்லாமல் வீடு என்னமோ மாதிரிதான் இருக்கும். ஆனால் உன் ஆவடி பஸ்ஸும் என் பஸ்ஸும் சிப்காட் கூட்ரோட்டில்தான் வந்து நிற்கும். அங்கே பார்த்துக்கொள்வோம். சாப்பாட்டு டப்பா கொண்டுவருவேன் என்று கனவு காணாதே. இன்றைக்கு யார் சமைத்தது, நீயா அவளா என்று கேட்பேன், பதில் தயாராக இருக்கட்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்று உனக்கு நன்றாகத் தெரிகிற நாளிலும் ஒரு தடவை கேள். தெரிந்ததாக நினைக்கிற நாளில்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும். சண்டை வரும், வந்தால் நன்றாகப் போடு. மலைக்கு ஓடிப்போய்த் தனியாக அழாதே. அவள் படிக்கிறபோது போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார். இதை உங்கள் நைனாவிடம் கற்றுக்கொள், அவர் சொல்லித் தர மாட்டார், நீதான் பார்த்துக் கற்க வேண்டும். மாப்பிள்ளை முறுக்கில் அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளாதே. முதல் வண்டி யாருக்காகவும் நிற்காது.

கடைசியாக இந்த மாத விமர்சனம். மாட்டு டாக்டர் கதைக்கு இரண்டு ஸ்டார், அதில் ஒன்று மாடுகளுக்கு. நான் படித்த ஹீரோக்கள் காதலிகளிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். நீ இல்லாமல் நான் இல்லை என்றான் ஒருத்தன், உனக்காக உலகத்தையே எதிர்ப்பேன் என்றான் இன்னொருத்தன், நிலாவைக் கொண்டுவருகிறேன் என்றவனும் உண்டு. அத்தனை பேரிலும் ஒருத்தன்கூட, போய் பஸ் எந்த ஊர் வரைக்கும் வருகிறது என்று விசாரித்துவிட்டு வந்து, உனக்குச் சரியா என்று கேட்டதில்லை. இந்தா, பிடி. இத்தனை நாளாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். உனக்கு ஐந்து ஸ்டார்.